முழங்காலைக் கையால் அசைத்துப் பார்த்தே ஜவ்வு கிழிந்ததைச் சொல்ல முடியுமா?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. கபடி ஆடும்போது தம்பிக்கு முழங்கால் திருகிக்கொண்டது. அன்று இரவு பார்த்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு எலும்பு மருத்துவர் காலை அசைத்தும் இழுத்தும் பார்த்துவிட்டு, ஏ.சி.எல். (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநார், பேச்சு வழக்கில் ஜவ்வு) கிழிந்திருக்கிறது என்று சொல்லி எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். படம் எடுக்காமலே எப்படிச் சொல்கிறார், இருவரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்ல முடியும். நான் இயன்முறை சிகிச்சையாளர். கபடியும் கால்பந்தும் ஆடிக் காலைத் திருகிக்கொண்டு வரும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். முழங்காலில் கை வைத்துச் செய்யும் சோதனைகள் ஊகம் அல்ல. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தீட்டப்பட்டு, கணக்கெடுத்துச் சரிபார்க்கப்பட்ட முறைகள் அவை. உங்களுக்குக் கிடைத்த இரண்டு பதில்களும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் அந்த இரண்டு நாட்களிலும் ஒரே மருத்துவர் பார்த்திருந்தாலும் இதே இரண்டு பதில்கள் வந்திருக்கக்கூடும். அடிபட்ட இரவின் முழங்கால் வேறு, இரண்டு வாரம் கழித்த முழங்கால் வேறு.

கை வைப்பதற்கு முன்பே பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. பாடிப் போனவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது ஊன்றிய பாதம் தரையிலேயே நிற்க, உடல் மட்டும் திரும்பியது. உள்ளே 'டக்' என்று ஏதோ அறுந்த உணர்வு. எழுந்து ஆட முயன்றார், முடியவில்லை. ஓரிரு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கிவிட்டது. இவ்வளவையும் கேட்டாலே ஏ.சி.எல். என்ற எண்ணம் வந்துவிடும். சில மணி நேரத்திலேயே வரும் வீக்கம் பெரும்பாலும் இரத்தம். ஏ.சி.எல்லுக்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, அது அறுந்தால் மூட்டுக்குள் இரத்தம் கசியும். மறுநாள் மெல்ல மெல்ல வரும் வீக்கம் மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்பு வளையம் கிழிந்ததைக் காட்டுவதாக இருக்கலாம். ஆகவே 'எப்போது வீங்கியது' என்று ஒருவர் உங்களிடம் கேட்டால், அதை யோசித்துச் சரியாகச் சொல்லுங்கள். அந்த ஒரு விவரம் மிகவும் பயனுள்ளது.

அடுத்து நல்ல காலைப் பார்க்க வேண்டும். அடிபடாத காலை முதலில் தொடாமல் யாரேனும் அடிபட்ட காலை நேராக இழுக்கத் தொடங்கினால் எனக்கு வருத்தமாக இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருக்கும். இரண்டு முழங்காலும் ஒரே அளவு அசைந்தால் அது அவருடைய உடல்வாகு. ஒரு கால் மட்டும் கூடுதலாக அசைந்தால்தான் அது காயம். இந்த அசைவை அளக்கும் கருவிகளும் உண்டு. அவற்றில்கூட இரண்டு கால்களுக்கும் இடையிலான வித்தியாசம் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நல்ல காலை முதலில் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்ட நோயாளி பயம் தெளிந்து தசையைத் தளர்த்துவார். தசை தளராவிட்டால் எந்தச் சோதனையும் பயன் தராது.

உங்கள் தம்பிக்கு மருத்துவர் செய்த முக்கியமான சோதனை அநேகமாக லாக்மன் சோதனையாக இருக்கும். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை 20 முதல் 30 டிகிரி மட்டும் மடக்கி, ஒரு கையால் தொடையை முழங்காலுக்குச் சற்று மேலே இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியைப் பற்றி முன்னோக்கி இழுப்பது. கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பைவிட்டு முன்னால் நழுவாமல் பிடித்து வைத்திருப்பதுதான் ஏ.சி.எல்லின் தலையாய வேலை. அது இருந்தால் எலும்பு சற்று நகர்ந்து, முளையில் கட்டிய கன்று கயிற்றின் எல்லையில் சட்டென்று நிற்பதுபோல் நின்றுவிடும். அறுந்திருந்தால் அந்த 'சட்டென்று' இருக்காது. எலும்பு மெத்தென்று நகர்ந்துகொண்டே போய், எங்கே நின்றது என்று தெரியாமல் நிற்கும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைவிட, எப்படி நின்றது என்பதைத்தான் நான் கூர்ந்து கவனிப்பேன். நகர்வு கொஞ்சமாக இருந்தாலும் முடிவு மெத்தென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நகர்வு சற்று அதிகமாக இருந்தாலும் இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி உறுதியாக நின்றால் கவலை குறைகிறது.

இந்தச் சோதனைக்குப் பெயர் வந்தது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லாக்மன் என்ற எலும்பு மருத்துவரால். அவரிடம் கற்றுக்கொண்டவரான ஜோசப் டார்க், 1976இல் சக மருத்துவர்களுடன் சேர்ந்து இதை எழுதி வெளியிட்டபோது ஆசிரியரின் பெயரையே வைத்தார். ஆனால் அதற்கு நூறாண்டு முன்னரே, 1875இல், ஜார்ஜ் நூலிஸ் என்ற கிரேக்க மருத்துவர் பாரிசில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் ஏறக்குறைய இதே முறையை விவரித்திருக்கிறார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான். உள்ளே பார்க்க எந்த வழியும் இல்லாத காலத்தில், கைவிரல்களை மட்டும் நம்பி இதைக் கண்டறிந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை பொங்குகிறது.

நம்பகத்தன்மைக்கு வருவோம். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2006இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, ஏ.சி.எல். உண்மையிலேயே அறுந்த 100 பேரில் லாக்மன் சோதனை 85 பேரைக் கண்டுபிடிக்கிறது. அறுபடாத 100 பேரில் 94 பேருக்குச் சரியாகவே 'இல்லை' என்கிறது. கையை மட்டும் கொண்டு செய்யும் ஒரு சோதனைக்கு இது மிக நல்ல கணக்கு. இதனுடன் காயம் நேர்ந்த விதம், வீக்கம் வந்த நேரம், மற்றச் சோதனைகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது, அனுபவமுள்ள மருத்துவர் 'கிழிந்திருக்கிறது' என்று சொல்வதில் அவசரம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் முதல் நாள் ஏன் தெரியவில்லை? அங்கே என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பல இடங்களில் இன்றும் முதலில் செய்வது முன்னிழுப்புச் சோதனை. முழங்காலை 90 டிகிரி மடக்கி, பாதத்தின்மேல் மருத்துவர் லேசாக உட்கார்ந்துகொண்டு, கீழ்க்காலை இரண்டு கைகளாலும் முன்னே இழுப்பது. புதிதாக அடிபட்ட காலில் இது ஏமாற்றிவிடும். இரத்தம் நிரம்பிய முழங்காலை 90 டிகிரி மடக்குவதே பெரும் வேதனை. வலியில் தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகிக்கொண்டு கீழ்க்காலைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும். அறுந்த தசைநாரின் வேலையை அந்த நேரத்தில் தசை செய்துவிடுவதால், பார்ப்பவருக்கு எல்லாம் உறுதியாக இருப்பதாகத் தோன்றும். மெனிஸ்கஸின் பின்பகுதியும் அந்தக் கோணத்தில் முட்டுக்கொடுத்து எலும்பைத் தடுக்கும். லாக்மன் கோணத்தில் இந்த இடையூறுகள் குறைவு. அதனால்தான் அது வந்தபின் முன்னிழுப்பு இரண்டாம் இடத்துக்குப் போனது. நாட்பட்ட காயத்தில் மட்டும் முன்னிழுப்பும் நன்றாகவே வேலை செய்கிறது.

அடிபட்ட அன்று லாக்மன் சோதனைகூடச் சில நேரம் முடியாமல் போகும். தொடை பருத்த ஆட்டக்காரரை ஒரு கையால் பிடிப்பதே சிரமம். அப்போது மருத்துவர் தம் முழங்காலை நோயாளியின் தொடைக்கு அடியில் முட்டுக்கொடுத்துச் செய்வார், அல்லது சுருட்டிய துண்டை வைப்பார். இப்போது நெம்புகோல் சோதனை என்று ஒன்றும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. இத்தாலிய மருத்துவர் அலெஸாண்ட்ரோ லெல்லி கொண்டுவந்தது. கெண்டைக்காலுக்கு அடியில் முஷ்டியை வைத்துத் தொடையைக் கீழே அழுத்தினால், ஏ.சி.எல். நன்றாக இருந்தால் குதிகால் மேலே எழும்பும், அறுந்திருந்தால் எழும்பாது. செய்ய எளிது, ஆனால் இதை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன்.

ஆக, முதல் நாள் சோதனையில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அது இடைக்காலப் பதில். ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள், வீக்கமும் வலியும் தணிந்தபின், மறுபடியும் கை வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் பார்த்தவர்கள் 'பத்து நாள் கழித்துத் திரும்ப வாருங்கள்' என்று சொல்லியிருந்தால் அதுவே முழுமையான கவனிப்பாக இருந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தது சரிதான். தசைநார் அதில் தெரியாது என்பதை மட்டும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். எலும்பில் முறிவு இல்லை என்றால் முழங்காலுக்குள் காயமே இல்லை என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் தம்பிக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் அந்த எக்ஸ்ரேயை இரண்டாம் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தசைநார் அறுவதற்குப் பதில், அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டு பெயர்ந்து வரலாம். கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், சிகிச்சை வேறு.

இன்னொரு சோதனையின் பெயரும் உங்கள் காதில் விழலாம்: பிவட் ஷிப்ட். 1972இல் கனடாவின் கால்வே, மக்கின்டோஷ் என்ற மருத்துவர்கள் எழுதியது. காலை நீட்டியபடி உட்பக்கமாகத் திருப்பி, வெளியிலிருந்து முழங்காலை உள்நோக்கி அழுத்திக்கொண்டே மடக்கினால், முன்னால் நழுவியிருந்த எலும்பு ஏறக்குறைய 30 டிகிரியில் திடீரென்று தன் இடத்துக்குத் துள்ளித் திரும்பும். ஆட்டத்தின் நடுவே 'முட்டி விலகிப் போச்சு' என்று பிள்ளைகள் சொல்வது இந்த நழுவலைத்தான். அந்தத் துள்ளல் கிடைத்துவிட்டால் ஏ.சி.எல். அறுந்திருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அறுபடாதவர்கள் 100 பேரில் 98 பேருக்கு அது வராது என்கிறது அதே 2006 கட்டுரை. ஆனால் அறுந்தவர்களிலேயே 100க்கு 24 பேரிடம்தான் அது தெரிகிறது. விழித்திருக்கும் மனிதர் பயத்தில் காலை இறுக்கிக்கொள்வார் என்பதே காரணம். மயக்க மருந்து கொடுத்தபின் இது நன்றாகத் தெரியும். அதனால் அறுவை அரங்கில் கீறலுக்கு முன்பு மருத்துவர்கள் இதைத் தவறாமல் செய்துபார்க்கிறார்கள். புறநோயாளிப் பிரிவில் ஒருவர் செய்துவிட்டால், அடுத்து வருபவர்களும் ஆளாளுக்குச் செய்துபார்க்க அனுமதிக்க வேண்டாம். ஒவ்வொரு துள்ளலும் மெனிஸ்கஸை நசுக்குகிறது.

ஏ.சி.எல்லோடு நிறுத்திவிடக் கூடாது. எனக்கு இதில் பெரிய அக்கறை உண்டு, ஏனென்றால் தவறிப்போகும் காயங்கள் மற்ற மூன்று தசைநார்களில்தான் அதிகம். பின்பக்கத் தசைநாரான பி.சி.எல். அறுவது பெரும்பாலும் மடங்கிய முழங்கால் எதிலாவது மோதும்போது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து முழங்கால் தரையில் இடிபட்டவர்களிடம் இதைத் தேட வேண்டும். கண்டுபிடிக்க முதலில் கையே வேண்டாம். இரண்டு முழங்காலையும் 90 டிகிரி மடக்கி வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், அறுந்த பக்கத்தில் கீழ்க்கால் எலும்பு பின்னோக்கிச் சரிந்து, முழங்கால் சில்லுக்குக் கீழே பள்ளம் தெரியும். இதைக் கவனிக்காமல் முன்னிழுப்புச் சோதனை செய்தால் பெரிய குழப்பம் வரும். பின்னால் சரிந்த எலும்பு இழுக்கும்போது தன் இயல்பான இடத்துக்குத்தான் வருகிறது. பார்ப்பவரோ அது முன்னால் நழுவுகிறது என்று எண்ணி ஏ.சி.எல்லைக் குற்றம் சொல்லிவிடலாம். எங்கிருந்து புறப்படுகிறது என்று தெரியாமல் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல முடியாது. சரிவைப் பார்த்தபின் எலும்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது பி.சி.எல்லுக்கான முதன்மைச் சோதனை.

உட்பக்கத் தசைநாருக்குச் சோதனை எளிது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முழங்காலை வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தினால் உட்பக்க இடைவெளி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 டிகிரி மடக்கி ஒருமுறை, முழுக்க நீட்டி ஒருமுறை என இரண்டு தடவை. மடக்கியபோது மட்டும் திறந்தால் உட்பக்கத் தசைநார் மட்டுமே காயம்பட்டிருக்கும். இது ஆறுதலான செய்தி, பெரும்பாலும் அறுவை இல்லாமல் பிரேஸ் போட்டே ஆறிவிடும். நீட்டிய காலிலும் திறந்தால், உள்ளே குறுக்கே ஓடும் தசைநார்களில் (ஏ.சி.எல்., பி.சி.எல்.) ஒன்றாவது சேர்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். வெளிப்பக்கத்துக்கும் இதே முறை, அழுத்தும் திசை மட்டும் எதிர். சம்மணமிடுவதுபோல் காலை மற்றக் காலின்மேல் போட்டால் வெளிப்பக்கத் தசைநார் கயிறாக விரலுக்குத் தட்டுப்படும். முழங்காலின் வெளிப்பக்கமும் பின்பக்கமும் சேரும் மூலையில் காயம் இருந்தால் அதை விட்டுவிட்டு ஏ.சி.எல்லை மட்டும் புதிதாக வைத்துக் கட்டினால், புதியது தளர்ந்துபோகும் அபாயம் உண்டு. அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதைப் பார்த்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

மெனிஸ்கஸுக்கு மெக்மரே சோதனை, தெஸலி சோதனை என்று உண்டு. புதுக் காயத்தில் வலியே எல்லாவற்றையும் மறைத்துவிடுவதால் அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூட்டு இடைவெளியை விரலால் அழுத்தும்போது எங்கே வலிக்கிறது என்பது அதைவிட உதவும். ஆனால் முழங்கால் ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு முழுவதும் நீட்டவே வரவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் புகுந்து அடைத்திருக்கலாம். அதைச் சீக்கிரம் பார்த்தால் தைத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழங்கால் மூட்டே விலகி, தசைநார்கள் இரண்டு மூன்று சேர்ந்து அறுந்திருந்தால், விலகிய மூட்டு தானாகவே பழைய இடத்துக்கு வந்து சாதாரணமாகத் தோற்றமளிக்கலாம். அப்போது மூட்டின் பின்னால் ஓடும் பெரிய இரத்தக் குழாய் காயம்பட்டிருக்கக்கூடும். பாதம் குளிர்ந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏதேனும் ஒன்று சரியில்லை என்றால் எந்தத் தசைநார் என்ற ஆராய்ச்சியெல்லாம் பிறகு. உடனே இரத்தக் குழாய் அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் மணிக்கணக்குதான் காலைக் காப்பாற்றுகிறது.

எம்.ஆர்.ஐ. தேவையா என்றால், உங்கள் தம்பிக்குத் தேவைதான். ஏ.சி.எல். அறுந்ததை உறுதிசெய்வது அதன் ஒரு பயன் மட்டுமே. மெனிஸ்கஸ் எங்கே, எப்படிக் கிழிந்திருக்கிறது, எலும்புக்குள் அடிபட்டிருக்கிறதா, வேறெந்தத் தசைநார் காயம்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு: முழங்கால் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது. அசையாமல் படுத்திருக்கும்போது எடுக்கும் படம் அது. 'பகுதிக் கிழிவு' என்று அறிக்கையில் இருந்தாலும் கைக்கு முழங்கால் முற்றிலும் தளர்ந்திருக்கலாம். அறிக்கை பயமுறுத்தினாலும் கைக்கு உறுதியாக இருக்கலாம். அறிக்கைத் தாளை மட்டும் பார்த்து, காலைத் தொடாமலே அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதுவரை தம்பியை ஆடவிடாதீர்கள். இன்னும் சில வாரங்களில் வீக்கம் வடிந்து, நேராக நடக்கவும் மெதுவாக ஓடவும் வந்துவிடும். சரியாகிவிட்டது என்று களத்தில் இறங்கும் பிள்ளைகள், திரும்பும்போது முழங்கால் நழுவி, அதுவரை தப்பியிருந்த மெனிஸ்கஸையும் கிழித்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. எண்ணெய் போட்டு நீவி, காலைச் சுண்டி இழுத்து உதறுவது வேண்டவே வேண்டாம். வீட்டில் காணொளி பார்த்து நீங்களே இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். பழகாத கைக்கு அந்த நுட்பம் தெரியாது, தம்பிக்கு வலிதான் மிஞ்சும். முழங்காலை முழுக்க நீட்டுவதற்கும், தொடையின் முன்பக்கத் தசையை இறுக்கித் தளர்த்துவதற்குமான பயிற்சிகளை இப்போதே ஓர் இயன்முறை சிகிச்சையாளரிடம் தொடங்கிவிடுங்கள். அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவை தேவைப்படும்.

அடுத்த முறை போகும்போது இரண்டு தொடைகளும் தெரியும்படி அரைக்கால்சட்டை அணிந்து போகச் சொல்லுங்கள். லாக்மனில் முடிவு உறுதியாக இருந்ததா மெத்தென்று இருந்ததா, பி.சி.எல்லும் பக்கத் தசைநார்களும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு, சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. வந்ததும் அறிக்கையையும் படங்களையும் அந்தச் சீட்டோடு சேர்த்து வைத்து அதே மருத்துவரிடம் மறுபடியும் காலைக் காட்டுங்கள். படமும் கையும் வேறு வேறு சொன்னால் இங்கே எழுதுங்கள், அதற்கு என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.